கிளீட்டஸ் பார்க்காத எட்டு மரணங்கள்

உண்மையான நினைவு பார்ப்பதற்கு அழகாக இருக்காது. இந்த வேலைக்கு வந்த முதல் வருடமே எனக்கு அது தெரிந்துவிட்டது. நாகர்கோவிலில் இருக்கும் நினைவுப் பார்வை மையத்தில் நான் நான்கு வருடமாக இயந்திரத்தை இயக்கிவருகிறேன். சாட்சியின் தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு குறிப்பிட்ட ஒரு நாளை நினைக்கச் சொல்வோம். அவர் நினைப்பது திரையில் வரும். பாதி முகம், ஒரு கதவுக் கைப்பிடி, யாருடைய சட்டையோ தெரியாத ஒரு பொத்தான், அவ்வளவுதான். கொலையைக் கண்ணால் பார்த்தவரின் நினைவில்கூட பல நேரம் கொலை இருக்காது, பக்கத்தில் கிடந்த செருப்புதான் இருக்கும்.

முதலில் நீதிமன்றங்களுக்காக மட்டும்தான் இந்த மையம் நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சட்டம் வந்தது. கடலில் காணாமல் போனவர்களின் குடும்பத்தார், அந்தப் படகிலிருந்து உயிரோடு திரும்பிய ஆளின் நினைவை ஒருமுறை பார்க்கலாம். அந்த ஆள் சம்மதித்தால் போதும். பார்த்து முடித்ததும் நான் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கண்டது, கேட்டது, புனைந்தது என்ற மூன்றில் ஒன்றை அதில் குறிக்க வேண்டும்.

கிளீட்டஸ் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். அவருக்கான தேதி வெள்ளிக்கிழமை. தேதி தெரியாமல் வந்துவிட்டார் என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். முப்பத்து மூன்று வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எனக்கு எதிரே உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"மேடம், ஒருத்தன் காணாத ஒண்ண இந்த மெசினு காட்டுமா?"

இந்தக் கேள்வி முன்பும் என்னிடம் வந்திருக்கிறது. கேட்டவர்கள் எல்லாம் எதையோ மறைக்க வந்தவர்கள். அதனால் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொன்னேன். காட்டும். ஒரு விஷயத்தைப் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தால், அதுவும் நினைவாகத்தான் உட்கார்ந்திருக்கும், திரையில் வரும். ஆனால் கண்ணால் பார்த்தது உள்ளே போன வழி வேறு, நாமாகக் கட்டியது உருவான வழி வேறு. அந்தத் தடம் என் பக்கத்துச் சின்னத் திரையில் தெரிந்துவிடும். ஏமாற்ற முடியாது என்று சொன்னேன்.

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார். எதற்கு என்னிடம் என்று பிறகு யோசித்திருக்கிறேன். எப்படியும் வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்துவிடும் என்பதால்தான் இருக்க வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன் அடித்த புயலில் அவர்களுடைய விசைப்படகு கவிழ்ந்தது. ஒன்பது பேர். நடுப்பகலில் வந்த முதல் அலையிலேயே கிளீட்டஸ் தூக்கி வீசப்பட்டார். மேலே வந்தபோது படகும் இல்லை, ஆட்களும் இல்லை. டீசல் நிரப்பும் மஞ்சள் பிளாஸ்டிக் கேன் ஒன்று கைக்குக் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் மிதந்தார். ஒரு சரக்குக் கப்பல்காரர்கள் தூக்கினார்கள். மற்ற எட்டுப் பேரில் ஒருவரைக்கூட அவர் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஒரு உடலும் கரைக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரை முதலில் பார்க்க வந்தது ஜெசிந்தா. அவருடன் படகில் போன ஆன்றோவின் மனைவி. அப்போது ஆறு மாதக் கர்ப்பம். தன் கணவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். கிளீட்டஸ் உள்ளதைச் சொன்னார். நான் ஒன்றும் பார்க்கவில்லை, அலை அடித்தது, அவ்வளவுதான் தெரியும் என்றார். அவள் அழவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவேயில்லை. கூட்டிப்போகப் பார்த்தார்கள், முடியவில்லை. இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் அவளைச் சேர்த்தார்கள். பிள்ளைக்கு உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாக வார்டில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் கிளீட்டஸ் கையில் குத்தியிருந்த ஊசியைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, படிக்கட்டைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போய் அவளிடம் பேசினார்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கியதும் குரல் மாறியது. நூறு முறைக்கு மேல் சொன்ன ஒன்றைச் சொல்லும்போது வரும் குரல் அது. தானும் ஆன்றோவும் ஒரே கேனைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க மிதந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆன்றோ வீட்டைப் பற்றிப் பேசினானாம். பின்பக்கச் சுவர் பூசாமல் கிடக்கிறது, மழை வந்தால் ஊறும் என்றானாம். ஜெசிந்தாவைக் கைநீட்டி அடித்ததற்காக மன்னிப்புக் கேட்டானாம். பெண்பிள்ளை பிறந்தால் மெர்லின் என்று பெயர் வை, நான் கூடவேதான் இருப்பேன் என்று சொல் என்றானாம். பிறகு தோளில் சாய்ந்து கண் அயர்ந்தானாம். வலியில்லாமல், தூக்கத்திலேயே.

மெர்லின் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அங்கே நின்றுகொண்டிருந்த நர்ஸின் சட்டையில் அந்தப் பெயர் இருந்ததாம். பெயர் இல்லாமல் சொன்னால் நம்பமாட்டாள் என்று தோன்றியதாம்.

ஜெசிந்தா அன்று கஞ்சி குடித்தாள். பிள்ளை பிறந்தது. மெர்லின் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கிளீட்டஸ் ஆன்றோவைப் பார்த்தானாம் என்ற பேச்சு அவர்களுடைய கடற்கரை ஊர் முழுக்கப் போய்விட்டது. மற்ற ஏழு குடும்பமும் வந்து நின்றன. ஒருவனை மட்டும் பார்த்தேன், உங்கள் ஆளைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொருவருக்கும் ஒன்று சொன்னார். ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் மிதந்தான், யார் யாருக்கு முன்னால் போனான் என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டார். எட்டுப் பேரையும் பகலில்தான் சாக வைத்தேன் மேடம், இருட்டு என்று சொன்னால் வீட்டில் இருக்கிறவர்கள் தாங்கமாட்டார்கள் என்றார். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வாரப் பத்திரிகையில் ஒரு கதைகூட வாசித்ததில்லையாம்.

ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் எட்டு வீட்டுக்கும் போவார். திரும்பச் சொல்லச் சொல்வார்கள். ஒரு வார்த்தை மாறினால் அவர்களே திருத்துவார்கள். தனக்கென்று ஒரு கல்யாணம் அமையவில்லை. எட்டுப் பேரைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணோடு எப்படி வாழ்வது என்றார். அதைவிட அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறு. ஜெசிந்தாவை இரண்டு பேர் பெண்கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருவர் நல்ல மனிதர், வலைக் கம்பெனியில் அவளோடு வேலை பார்த்தவர், அவளுக்கும் விருப்பம் இருந்தது. கூடவே இருப்பேன் என்று ஆன்றோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு எப்படி என்று மறுத்துவிட்டாள்.

"அந்த வார்த்தைய நானாக்கும் சொன்னது," என்றார் கிளீட்டஸ். "ஆன்றோ உசிரோட இருந்த காலத்துல அவகிட்ட நல்லதா ரெண்டு வார்த்த பேசினதில்ல மேடம். நான் உண்டாக்கின ஆன்றோவுக்காவ அவ பதினோரு வருசம் தனிக்கட்டையா இருந்தாச்சு."

சம்மதிக்காமல் இருந்திருக்கலாமே என்றேன். மற்ற ஏழு குடும்பம் மட்டும் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், ஜெசிந்தாவே வந்து ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டாள், மறுத்தால் ஆன்றோவை நான்தான் கேனிலிருந்து தள்ளிவிட்டேன் என்று ஆகிவிடும் என்றார். என்னிடம் அவர் கேட்க வந்தது சின்ன உதவி. பொய்ச் சான்றிதழ் வேண்டாம். படம் முடிந்ததும் அவளை வெளியே அனுப்பிவிட முடியுமா, சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் போதுமா என்றுதான் கேட்டார். விதி அப்படி இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் தனித்தனியாக வந்தார்கள். ஜெசிந்தா நான் நினைத்ததைவிடச் சிறிய உருவம். வலை பின்னும் கம்பெனியில் பதினோரு வருடம் நின்றதில் விரல் நுனிகள் தடித்துப் போயிருந்தன. விதிப்படி நான் அவளுக்கு விளக்கினேன். முதலில் உங்கள் கணவரைப் பற்றிக் கேட்போம். பிறகு, சரிபார்ப்பதற்காக, பொதுவாக அந்த மூன்று நாளை நினைக்கச் சொல்வோம். முதல் கேள்வி முடிந்ததும் நீங்கள் போக விரும்பினால் போகலாம். கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். இருப்பேன் என்றாள்.

கிளீட்டஸ் கண்ணை மூடினார். ஆன்றோவின் கடைசி நேரத்தை நினையுங்கள் என்றேன்.

நான்கு வருடத்தில் அப்படியொரு படத்தை நான் பார்த்ததில்லை. திரை முழுக்க வெளிச்சம். மஞ்சள் கேன். அதன் ஒரு பக்கம் ஆன்றோவின் முகம், நனைந்த மீசை, இமையில் ஒட்டிய உப்பு வரை தெரிந்தது. ஒரு மூலைகூட மங்கலாக இல்லை. எதுவும் விடுபடவில்லை. அவன் பேசினான். சுவர், மழை, மன்னிப்பு, பிள்ளையின் பெயர். பேசியது ஆன்றோவின் உதடு, வந்தது கிளீட்டஸின் குரல். புனைந்த நினைவில் அப்படித்தான் ஆகும். மற்றவர்களுக்கு நாம் எழுதிக்கொடுக்கும் பேச்சு நம் குரலில்தான் பதிந்திருக்கும். என் பக்கத்துச் சின்னத் திரையைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆன்றோ சாய்ந்து கண் மூடியதும் படம் நின்றது. நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் கதவுப் பக்கம் திரும்பவில்லை. அடுத்ததைக் கேளுங்கள் என்றாள்.

இரண்டாவது கேள்விக்கு வந்தது தண்ணீர்.

வேறொன்றும் இல்லை. சாம்பல் நிறத் தண்ணீர், எழுந்து இறங்கிக்கொண்டே இருந்தது. நடுநடுவே கேனைப் பிடித்திருக்கும் ஒரு கை, நகம் பிய்ந்த ஒரு விரல். சில இடத்தில் வானம், மழைக்கு நீட்டிய நாக்கு என்று நினைக்கிறேன், அதன் நுனி. திரும்பத் தண்ணீர். உண்மையான நினைவு என்று சொன்னேனே, அது. எங்கும் ஒரு ஆள் இல்லை.

குரல் இருந்தது. கிளீட்டஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். படகில் உட்கார்ந்திருந்த வரிசையில் எட்டுப் பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்துவார், பதில் வருகிறதா என்று. எட்டும் முடிந்ததும் முதலிலிருந்து தொடங்குவார். முதலில் தொண்டை கிழியும் சத்தம். பிறகு சாதாரணமாகப் பேசுகிற சத்தம். கடைசியில் சத்தம் இல்லை, மூச்சில்தான் பெயர்கள் வந்தன. அப்போதும் ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தினார். ஆன்றோ மூன்றாவது பெயர். மூன்றாவது பெயர் வரும்போதெல்லாம் ஜெசிந்தாவின் தலை இலேசாகத் தாழ்ந்தது. நாற்பது நிமிடம் ஓடியது. நாற்பது நிமிடமும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

தொப்பியைக் கழற்றினேன். கிளீட்டஸ் கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வெளியே போயிருக்க வேண்டும். விதிப்படி போகக் கூடாது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே," என்றாள் ஜெசிந்தா.

கிளீட்டஸ் நிமிரவில்லை.

"ஆன்றோ ஒருத்தருகிட்டயும் மன்னிப்பு கேக்கிய ஆளில்ல. நீங்க அந்த வார்த்தைய சொன்ன ஒடனே தெரிஞ்சு போச்சு."

"பின்ன எதுக்கு நீ கஞ்சி குடிச்ச?"

"ஊசிய பிடுங்கின எடத்துல இருந்து ஒங்க கையில ரத்தம் வடிஞ்சுட்டு இருந்து. அத தொடைக்காம நிண்ணு சொன்னிய. எனக்காவ ஒரு மனுசன் இவ்வளவு பாடுபட்டு பொய் சொல்லுதானேன்னு நெனச்சேன். அப்பம் பசிச்சுது."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை என் வார்த்தையில்தான் சொல்ல முடியும். பொய் என்று தெரிந்தது கொஞ்ச நாளில் அவளுக்கே மறந்து போயிற்றாம். அந்த ஆன்றோ அவளுக்குப் பிடித்திருந்தான். அவனோடு வாழ்வது எளிதாக இருந்தது. வலைக் கம்பெனிக்காரரை வேண்டாமென்றதும் அதனால்தான். அது நீங்கள் செய்ததில்லை, நான் செய்தது, அதைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள் என்றாள்.

இந்தப் பார்வைக்கு எதற்கு எழுதிக் கொடுத்தாய் என்று கிளீட்டஸ் கேட்டார். அவர் குரலில் கோபம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

"மெர்லின் கேட்டா. அப்பா இவ்வளவும் பேசினாரு, சரி, கிளீட்டஸ் மாமா என்ன பேசினாருன்னு. எனக்குச் சொல்லத் தெரியல்ல. எட்டு வீட்டுக்காரங்களும் வருசா வருசம் ஒங்கள இருத்தி எங்க ஆளுகள பத்தித்தான் கேட்டோம். ஒங்களுக்கு என்னாச்சுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அதைக் காணத்தான் வந்தேன்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் அழுதாள். கிளீட்டஸுக்காக அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை. ஆன்றோ, ஆன்றோ என்றுதான் அழுதாள். கன்னத்தில் அடித்த ஆன்றோ. ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஒரு பதிலும் தராமல் போன ஆன்றோ. பதினோரு வருடத்துக்குப் பிறகு அவன் அன்றைக்குத்தான் செத்தான்.

சான்றிதழில் 'புனைந்தது' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். உறை வேண்டுமா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். வேண்டாம் என்று நாலாக மடித்து எடுத்துக்கொண்டாள்.

கிளீட்டஸ் போகும்போது என்னிடம் ஒன்று சொன்னார். தலை இலேசாகிவிட்டது மேடம், ஆனால் ஆன்றோ முகம் வரமாட்டேன் என்கிறது என்றார். அது சில பேருக்கு நடக்கும், கட்டி எழுப்பிய நினைவை வெளியே வைத்துப் பார்த்தால் உள்ளே அதன் பிடி தளர்ந்துவிடும், அதோடு சேர்த்துக் கட்டியவையும் தளரலாம் என்று விளக்கினேன். தளர்ந்தது திரும்ப வருமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

மற்ற ஏழு குடும்பங்களுக்கும் அடுத்த இரண்டு வாரத்தில் தேதி கொடுத்திருந்தோம். இரண்டு பேர் விலகுவதாக எழுதிக் கொடுத்தார்கள். நான்கு பேர் வரவேயில்லை. ஜெசிந்தா போய் எதையாவது சொல்லியிருப்பாளோ என்று சந்தேகப்பட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று பிறகு சொன்னாள், நான் அதை நம்புகிறேன். அவர்களாகவே ஏன் வராமல் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இடையில் அந்தப் புயலின் நினைவு நாள் வந்துபோனது. கிளீட்டஸ் அந்த வருடம் ஒரு வீட்டுக்கும் போகவில்லையாம்.

கடைசித் தேதிக்கு உரியவர் மட்டும் வந்தார். வறுவேல் என்ற பெரியவர், எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். அந்தப் படகில் போன டெனிஸின் அப்பா. ஜெசிந்தாவின் பக்கத்து வீடு. அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பின்னால் கிளீட்டஸ், பத்தடி தள்ளி. நாற்காலியில் உட்கார வைத்தபோதுதான் கவனித்தேன். பெரியவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

அய்யா, இது திரையில் பார்ப்பது, உங்களால் எப்படி என்று தயங்கினேன். எனக்குப் படம் வேண்டாம் என்றார் அவர். இந்த வருடம் கிளீட்டஸ் வீட்டுக்கு வரவில்லை, ஆள் அனுப்பினேன், வரவில்லை. சர்க்கார் காகிதம் போனால் அவன் வந்துதானே ஆக வேண்டும், அதனால் இங்கே வந்தேன். அடுத்த வருடத்துக்கு நான் இருப்பேனோ என்னவோ. எனக்கு அதை ஒருதடவை கேட்க வேண்டும்.

"லே கிளீட்டஸ், எனக்க மவனுக்க கதைய ஒருக்கா சொல்லு."

டெனிஸ் கடலுக்குப் போன காலையில் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. எதற்கென்று பெரியவருக்கே இப்போது நினைவில்லை. இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. இதை ஜெசிந்தா என் காதோடு சொன்னாள்.

கிளீட்டஸ் சுவரோரம் நின்றார். அன்னைக்கு உச்சி நேரம் என்று தொடங்கினார். நிறுத்தினார். திரும்ப, அன்னைக்கு உச்சி நேரம் என்றார். வார்த்தை வரவில்லை. மனதில் இல்லாத ஒன்றைத் தேடுகிறவர் மாதிரி என் மேசையை, ஜன்னலை, தொப்பி வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தார். முடியவில்லை அப்பா என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரியவர் காத்திருந்தார். குரல் வந்த திசைக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல்.

ஜெசிந்தா அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்னைக்கு உச்சி நேரம் மாமா என்று அவள் சொல்லத் தொடங்கினாள். பதினோரு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதுதானே. டெனிஸ் ஒரு பலகையைப் பிடித்து மிதந்தது, அப்பாவிடம் நான் கோபத்தோடு கடலுக்கு வரவில்லை என்று சொல்லச் சொன்னது, வெயில் நன்றாகக் காய்ந்தது, எல்லாம் சொன்னாள். பெரியவரின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. கிளீட்டஸ் சுவரைப் பார்த்தபடியே நின்றிருந்தார். ஒரு இடத்தில் அவர் தலை மெல்லத் திரும்பியது. தனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்கும் ஆளைப்போல அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு ஜெசிந்தா இன்னொன்றும் சொன்னாள். கிளீட்டஸ் அண்ணன் மூன்று நாளும் எட்டுப் பேரையும் பேர் சொல்லி விளித்துக்கொண்டே இருந்தார் மாமா, நான் படத்தில் கண்டேன் என்றாள்.

பெரியவரின் உதடு நின்றது. இதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லையே என்றார். பிறகு கேட்டார்.

"டெனிசுக்கு அது கேட்டுதா?"

ஜெசிந்தா கிளீட்டஸைப் பார்த்தாள். கிளீட்டஸ் என்னைப் பார்த்தார். ஜெசிந்தாவால் அதற்கு மேல் போக முடியவில்லை. நான் தக்கலையில் ஒரு வாத்தியாரின் மகள். பரீட்சையில் தெரியாத கேள்வியை வெற்றாக விட்டுவந்து அடி வாங்கியவள். இந்த நான்கு வருடத்தில் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று ஒரு காகிதத்திலும் எழுதியதில்லை.

"கேட்டிருக்கு அய்யா," என்றேன். "திரும்பிப் பாத்தாரு."

பெரியவர் என் குரல் வந்த பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"நீ கண்டியாம்மா?"

"மெசின்ல தெரிஞ்சுது."

அவர் கை காற்றில் நீண்டது. எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார்.

டெனிஸின் ஒரு புகைப்படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. கிளீட்டஸும் ஜெசிந்தாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீலம்," என்றேன்.

பெரியவர் தலையை ஆட்டினார். நீலம்தான் என்றார்.